அதே தலை, இன்னொரு முறை

போன வாரம் ஓர் அம்மா தன் மகனின் எம்.ஆர்.ஐ. படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “டாக்டர், இதுல எந்த இடத்துல கோளாறு? நீங்க காட்டினா போதும்.” பையனுக்கு எட்டு வயது. ஏ.டி.எச்.டி. என்று மனநல மருத்துவர் சொல்லிவிட்டார். ஒரு முறை தலைவலி என்றதற்காக எடுத்த ஸ்கேன் அது. அறிக்கையில் எல்லாம் இயல்பு என்றுதான் எழுதியிருந்தது. ஆனால் அவருக்கு நம்பிக்கை இல்லை. இவ்வளவு துறுதுறுப்புக்கும் கவனச் சிதறலுக்கும் மூளையில் ஏதாவது ஓர் இடத்தில் ஒரு புள்ளியாவது இருக்க வேண்டாமா?

என்னால் காட்ட முடியவில்லை. ஏ.டி.எச்.டி.யை ஸ்கேன் பார்த்துக் கண்டுபிடிப்பதில்லை. வீட்டில் எப்படி இருக்கிறான், பள்ளியில் எப்படி இருக்கிறான் என்று பெற்றோரும் ஆசிரியரும் சொல்வதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள் என்று விளக்கினேன். ஆட்டிசமும் அப்படித்தான். அவர் படத்தைப் பத்திரமாக உறையில் போட்டுக்கொண்டார். முகத்தில் தெளிவு வரவில்லை.

இருபத்தேழு வருடமாக மூளைப் படங்களோடு வாழ்கிறவள் நான். ஒரு அம்மாவின் கேள்விக்கு ஒரு படத்தை வைத்துப் பதில் சொல்ல முடியவில்லை என்பது எனக்கு இன்றும் வலிக்கிறது. ஆனால் ஏன் முடியவில்லை என்பது எனக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொள்ளவே என் வேலைக்காலத்தில் பாதி போயிற்று. அதை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

1998-ல் நான் வந்து சேர்ந்தது முதுமையை ஆராயும் ஒரு குழுவில். பெட் ஸ்கேன்தான் முக்கிய வேலை. குளுக்கோஸ் போலவே மூளைக்குள் நுழையும் ஒரு பொருளோடு ஃபுளோரின்-18 என்ற கதிரியக்க அணுவைச் சேர்த்து நரம்பில் ஏற்றுவோம். எந்தப் பகுதி அதிகம் உழைக்கிறதோ அது அதிகம் உறிஞ்சும். உடம்பின் எடையில் மூளை 2 சதவீதம்தான். ஓய்வில் இருக்கும்போதே உடம்பு செலவழிக்கும் சக்தியில் கிட்டத்தட்ட 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. ஃபுளோரின்-18-இன் வீரியம் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகும். அதனால் எல்லாமே ஓட்டம். பெரியவர் வர அரை மணி நேரம் தாமதமானால் மருந்து நமக்காகக் காத்திருக்காது.

ஊசி போட்ட பிறகு மட்டும் ஓட்டம் நின்றுவிடும். மங்கலான அறையில், பேசாமல், அசையாமல் அவர் அரை மணி நேரம் படுத்திருக்க வேண்டும். விரலைத் தட்டிக்கொண்டே இருந்தால்கூட அந்த விரலை இயக்கும் பகுதி கூடுதலாக உறிஞ்சிவிடும். பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருப்பது என் வேலை. வயதானவர்களுக்குப் பேச ஆசை இருக்கும். வாசலில் தொடங்கிய கதை பாதியில் நின்றிருக்கும். ஓர் எழுபத்தாறு வயதுப் பாட்டி ஒவ்வொரு ஐந்து நிமிடமும் கண்ணைத் திறந்து நான் இருக்கிறேனா என்று பார்ப்பார், பிறகு மூடிக்கொள்வார். ஸ்கேன் முடிந்து எழுந்து உட்கார்ந்ததும், விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடங்கினார். தான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டது, தம்பி தங்கைகளை வளர்த்தது, பசியோடு படுத்த இரவுகள்.

அந்தக் கதையைக் கேட்டபோது எனக்கு உறைக்கவில்லை. அவரையும் அவர் வயதுக்காரர்களையும் நாங்கள் யாரோடு ஒப்பிட்டோம்? இருபத்தைந்து வயது பல்கலைக்கழக மாணவர்களோடு. இரண்டு கூட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து, “வயதாவதால் மூளையில் வரும் மாற்றம்” என்று தலைப்புப் போட்டோம். ஐந்தாம் வகுப்பும் பசியும் எங்கள் அட்டவணையில் எங்கேயும் இல்லை. அந்தப் பாட்டியின் மூளை இருபத்தைந்து வயதில் எப்படி இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

இந்தக் கோளாறு புதிதல்ல என்பதைப் பிறகுதான் படித்தேன். வார்னர் ஷை என்ற உளவியலாளர் சியாட்டிலில் 1956-ல் ஓர் ஆய்வைத் தொடங்கி, ஏழு வருடத்துக்கு ஒருமுறை அதே ஆட்களைத் திரும்பச் சோதித்தார். வெவ்வேறு வயதுக்காரர்களை ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அறிவுத்திறன் இளமையிலேயே சரியத் தொடங்குவதுபோல் தெரிகிறது. அதே மனிதரைத் தொடர்ந்து பார்த்தால் பெரும்பாலான திறன்கள் அறுபது வயதுவரை தாக்குப்பிடிக்கின்றன. நடுவில் இருப்பது வயது அல்ல, தலைமுறை. சரி, அப்படியென்றால் நாங்கள் அளந்தது எதை? இந்தக் கேள்வியோடு நான் பல மாதம் தூங்காமல் இருந்திருக்கிறேன்.

குழந்தைகள் பக்கம் நான் போனது இதனால்தான். 1999-ல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் ஜே கீட் குழு ஒரு சின்னக் கட்டுரை வெளியிட்டது. 145 ஆரோக்கியமான குழந்தைகள், இளைஞர்கள். மொத்தம் 243 எம்.ஆர்.ஐ. ஸ்கேன்கள். பலரை இரண்டு வருடம் கழித்துத் திரும்பவும், சிலரை மூன்றாவது முறையும் அழைத்திருந்தார்கள். ஆறு வயதுக்குள் மூளை கிட்டத்தட்ட முழு அளவை எட்டிவிடுகிறது, அதோடு கதை முடிந்தது என்று அதுவரை பலரும் நினைத்திருந்தோம். ஆனால் நெற்றிப் பக்கத்துச் சாம்பல்நிறப் பொருள், அதாவது நரம்புச் செல்கள் நிறைந்த பகுதி, பெண்களுக்குப் பதினொன்று, ஆண்களுக்குப் பன்னிரண்டு வயதுவாக்கில் உச்சத்தைத் தொட்டு, பிறகு குறைகிறது என்று அந்தப் படங்கள் சொல்லின. எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்-ரே கதிர் கிடையாது, கதிரியக்க ஊசி கிடையாது. அதனால்தான் ஆரோக்கியமான ஒரு குழந்தையை மறுபடி மறுபடி அழைக்க முடிந்தது. பெட் ஸ்கேனில் அதை நினைத்தே பார்க்க முடியாது. அந்தக் கட்டுரையை வாசித்த அன்றே முடிவு செய்துவிட்டேன்: இனி என் வேலை அதே தலையைத் திரும்பப் பார்ப்பது.

சொல்வது சுலபம். ஏழு வயதுக் குழந்தையைச் சுரங்கம் மாதிரியான குழாய்க்குள் படுக்கவைத்து, காதைப் பிளக்கும் டக்-டக் சத்தத்தில் ஆடாமல் அசையாமல் இருக்கச் சொல்லிப் பாருங்கள். ஆராய்ச்சிக்காக மயக்க மருந்து கொடுக்க மாட்டோம். அதனால் முதலில் ஒரு பொய் ஸ்கேனரில் பழக்குவோம். உள்ளே காந்தம் இருக்காது; கூடும் படுக்கையும் ஒலிபெருக்கியும் மட்டும். தலையில் ஓர் உணரியை மாட்டி, கண்ணுக்கு மேலே கண்ணாடியில் கார்ட்டூன் ஓடவிடுவோம். தலை அசைந்தால் கார்ட்டூன் நின்றுவிடும். அசையாமல் இருந்தால் மறுபடி ஓடும். ஏ.டி.எச்.டி. இருந்த ஒரு பையன் முதல் தடவை பத்து நிமிடத்தில் நாற்பது முறை நிறுத்திவிட்டான். வெளியே வந்து, “நான் ஆடல டாக்டர், அதுவா நிக்குது” என்றான், கண் கலங்கியபடி. உண்மையாகவே அவனுக்குத் தெரியவில்லை. தன் தலை ஆடுவதை அவன் உணரவே இல்லை. அவன் கையிலிருந்த துணிப் பொம்மையை உள்ளே படுக்கவைத்து, அதன் தலையை நான் லேசாக ஆட்டி, கார்ட்டூன் நிற்பதைக் காட்டினேன். அதன் பிறகு பொம்மைக்கு அவனே பாடம் எடுத்தான். நான்காவது வருகையில் பதினோரு நிமிடம் முழுதாகப் படுத்திருந்தான். அவனைவிட எனக்குத்தான் சந்தோஷம் அதிகம்.

ஆனால் “அசையாமல்” என்பதற்கு நாங்கள் வைத்திருந்த அளவுகோலே தவறு என்று 2012-ல் தெரிந்தது. அதை மறைக்காமல் சொல்ல விரும்புகிறேன்.

அப்போது நாங்கள் ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் மூளைப் பகுதிகள் ஒன்றோடொன்று எப்படிச் சேர்ந்து இயங்குகின்றன என்று, மூளை இயங்குவதையே படமெடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ.யில் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு வருட உழைப்பு. அருகருகே உள்ள பகுதிகளுக்குள் இணைப்பு அதிகம், தூரத்துப் பகுதிகளுக்கு இடையே குறைவு என்று அழகான ஒரு முடிவு கிடைத்திருந்தது. மற்ற ஆய்வகங்களும் இதே மாதிரி சொல்லியிருந்ததால் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. அந்த வருடம் மூன்று குழுக்கள், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல், ஒரே விஷயத்தை நிரூபித்தன. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தலை அசைவுகூட இதே தோற்றத்தை உண்டாக்கும்: பக்கத்து இணைப்பு கூடும், தூரத்து இணைப்பு குறையும். எங்கள் குழந்தைகள் ஒப்பீட்டுக் குழந்தைகளைவிட ஒரு துளி அதிகம் அசைந்திருந்தார்கள். அவ்வளவுதான். புதிய முறையில் மறுபடி கணக்குப் போட்டோம். வித்தியாசத்தில் பெரும்பகுதி கரைந்துபோயிற்று. கட்டுரையை அனுப்பவில்லை.

குழந்தைகளின் பெற்றோரைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஓர் அப்பா, “அப்ப எங்க பையன் வந்து படுத்ததெல்லாம் வீணா?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் இன்னும் கஷ்டமாக இருந்தது. வீணில்லை, அவன் படம் பத்திரமாக இருக்கிறது, அவன் திரும்ப வரும்போது அதற்கு மதிப்பு கூடும் என்றேன். அன்று அது ஆறுதலுக்குச் சொன்னதுபோல் இருந்திருக்கும். நான் அதை முழுமனதோடு நம்பித்தான் சொன்னேன்.

அசைவின் கதை அங்கே முடியவில்லை. அசைந்த படத்தில் மூளையின் வெளி அடுக்கான புறணி இருப்பதைவிட மெல்லியதாக அளவாகும் என்பதும் பிறகு உறுதியானது. சின்னக் குழந்தைகள் அதிகம் அசைவார்கள். ஆகவே சின்ன வயதில் புறணி மெலிதாகவும், வளர வளர அது தடிப்பதுபோலவும் பொய்யாகத் தெரியும். 2007-ல் ஃபிலிப் ஷா குழு ஏ.டி.எச்.டி. உள்ள 223 பேரையும் இல்லாத 223 பேரையும் ஒப்பிட்டு, புறணியில் பாதி இடங்கள் உச்சத் தடிமனை எட்டும் வயது ஏ.டி.எச்.டி. உள்ளவர்களுக்கு 10.5, இல்லாதவர்களுக்கு 7.5 என்று சொன்னது. பெற்றோர்களிடம் நான் பல வருடம் ஆசையோடு சொல்லிவந்த எண்கள் அவை: “மூளை வேறு வழியில் போகவில்லை, கொஞ்சம் தாமதமாகப் போகிறது.” 2022-ல் வந்த பெரிய தொகுப்பு, 1,01,457 பேரின் 1,23,984 ஸ்கேன்களை ஒன்றாக வைத்துப் பார்த்தது. கருவில் இருக்கும் சிசு முதல் நூறு வயதுவரை. அதில் புறணியின் சராசரித் தடிமன் இரண்டு வயதுக்கு முன்பே உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. மொத்தச் சாம்பல்நிறப் பொருள் ஆறு வயதுவாக்கில், நரம்பு இழைகள் ஓடும் வெண்பொருள் இருபத்தெட்டைத் தாண்டி. தாமதம் என்ற கருத்தில் உண்மை இருக்கலாம் என்றே நினைக்கிறேன். ஆனால் ஏழரை, பத்தரை என்று இப்போது நான் யாரிடமும் சொல்வதில்லை.

இன்னொன்று என்னை உறுத்துகிறது. அசைந்த படங்களைத் தூக்கிப் போடுகிறோம். யார் அதிகம் அசைகிறார்கள்? நோய் தீவிரமாக உள்ள குழந்தை. மறதி முற்றிய பெரியவர். யாரைப் புரிந்துகொள்ள இந்த இயந்திரத்தை வாங்கினோமோ அவர்களே கணக்கிலிருந்து முதலில் விழுகிறார்கள். பொய் ஸ்கேனரில் ஒரு குழந்தையோடு நான்கு நாள் செலவழிப்பது வீண் என்று சொல்லும் நிர்வாகிகளுக்கு நான் கொடுக்கும் பதில் இதுதான்.

அப்புறம் இயந்திரமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. நடுவில் 1.5 டெஸ்லா காந்த வலிமை கொண்ட ஸ்கேனரை எடுத்துவிட்டு 3 டெஸ்லா வைத்தார்கள். ஒரே இரவில் எல்லோருடைய அளவுகளும் நகர்ந்தன. நாங்களே இரண்டிலும் படுத்து வித்தியாசத்தை அளந்தோம். உடம்பில் நீர்ச்சத்து குறைந்தால்கூட மூளையின் கன அளவு சற்றுக் குறைந்து தெரியும். அதனால் முதல் முறை காலையில் வந்தவரை அடுத்த முறையும் காலையில்தான் அழைப்பேன். தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள் என்று நினைவூட்டுவேன்.

இத்தனைக்கும் நடுவில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்த ஓர் ஆய்வு உண்டு. ஸ்காட்லாந்தில் 1947 ஜூன் 4 அன்று, 1936-ல் பிறந்து பள்ளியில் இருந்த குழந்தைகள் 70,000-க்கும் மேற்பட்டோர் ஒரே அறிவுத்திறன் தேர்வை எழுதினார்கள். பதினொரு வயதுக் குழந்தைகள். விடைகளுக்கான மதிப்பெண்கள் ஏடுகளில் பதிவாகி அப்படியே இருந்தன. ஏறக்குறைய அறுபது வருடம் கழித்து இயன் டியரியும் சக ஆய்வாளர்களும் எடின்பரோவைச் சுற்றி வாழ்ந்தவர்களில் 1,091 பேரைத் தேடிப் பிடித்தார்கள். எழுபத்து மூன்று வயதுவாக்கில் பலருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். எழுபதுகளில் புத்தி கூர்மையாக இருப்பவர்களின் புறணி தடிமனாக இருந்தது. பார்த்த மாத்திரத்தில் என்ன சொல்வோம்? தடித்த புறணி முதுமையில் அறிவைக் காப்பாற்றுகிறது என்போம். ஆனால் பதினொரு வயது மதிப்பெண்ணைக் கணக்கில் சேர்த்ததும் அந்தத் தொடர்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மறைந்துவிட்டது. முதுமையில் வந்தது என்று நினைத்த வித்தியாசம் பள்ளிக்கூடப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதே இருந்திருக்கிறது.

2014-ல் இதை வாசித்தபோது எனக்கு அந்த ஐந்தாம் வகுப்புப் பாட்டி நினைவுக்கு வந்தார். குழந்தைப் பருவமும் முதுமையும் இரண்டு துறை என்று பல்கலைக்கழகம் இரண்டு கட்டடம் கட்டியிருக்கிறது. தலை ஒன்றுதான்.

இரண்டும் உண்மையிலேயே ஒரே மூளையில் சந்திப்பதை டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களிடம் பார்க்கிறேன். பத்து வருடமாக என் மனம் அதிகம் இருப்பது இங்கேதான். அவர்களுக்கு 21-வது குரோமோசோம் மூன்று. அல்சைமர் என்ற மறதி நோயில் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதத் துண்டு எந்த மூலப்புரதத்திலிருந்து வருகிறதோ, அதைத் தயாரிக்கும் மரபணு அதே 21-வது குரோமோசோமில்தான் இருக்கிறது. 1987-ல் அது தெரியவந்தது. இரண்டு பிரதிக்குப் பதில் மூன்று இருப்பதால் ஆயுள் முழுக்க அந்தப் புரதம் கூடுதலாகச் சுரக்கிறது. நாற்பது வயதுக்குள் கிட்டத்தட்ட எல்லோருடைய மூளையிலும் படிவு வந்துவிடுகிறது. 1980-களின் தொடக்கத்தில் அவர்களுடைய சராசரி ஆயுளே இருபத்தைந்து வயதுதான். இதயக் கோளாறுக்கு அறுவை சிகிச்சைகள் வந்தன, பராமரிப்பு மேம்பட்டது, இன்று பல நாடுகளில் அறுபதுவாக்கில் வாழ்கிறார்கள். வாழ்நாள் கூடியதும் பின்னால் அல்சைமர் காத்திருக்கிறது. உயிரோடு இருப்பவரின் மூளையில் அமிலாய்டைப் பார்க்க 2004-ல் பிட்ஸ்பர்க் குழு ஒரு பெட் மருந்தைக் கொண்டுவந்தது. அதற்கு முன் இறந்த பிறகு நுண்ணோக்கியில் பார்த்தால்தான் உண்டு. இவர்களுக்கு அந்தப் படிவு மூளையின் நடு ஆழத்தில் இருக்கும் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியில் முதலில் தெரியத் தொடங்குகிறது.

ஆறு வருடத்துக்கு முன் ஓர் அக்கா தன் தம்பியை அழைத்துவந்தார். அவர் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன். தம்பிக்கு அப்போது நாற்பத்தொரு வயது, டவுன் சிண்ட்ரோம். ஸ்கேனுக்கு முன் சட்டையைக் கழற்றி எங்கள் உடையை மாட்ட வேண்டும், முடிந்ததும் தன் சட்டையைத் திரும்பப் போட்டுக்கொள்ள வேண்டும். உதவப் போன செவிலியரின் கையை அவர் மெதுவாக விலக்கினார். கீழ்ப் பொத்தானிலிருந்து தொடங்கினார். ஒவ்வொரு பொத்தானையும் கட்டைவிரலால் பிடித்து, நாக்கை ஓரத்தில் கடித்துக்கொண்டு, துளைக்குள் தள்ளி, உள்ளே போய்விட்டதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனார். ஏழு பொத்தான்கள். நான்கு நிமிடம் ஆயிற்று. கழுத்துப் பொத்தானைப் போட்டுவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார். படிவத்தில் அதற்கு இடம் இல்லை. ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன்: “தானே போட்டார், கீழிருந்து மேல், 7, தவறில்லை.”

வழக்கமான மறதிச் சோதனைகள் அவருக்குப் பயன்படவில்லை. கடிகாரம் வரையச் சொன்னால், அவர் வாழ்நாளில் என்றுமே கடிகாரம் வரைந்ததில்லை. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வது அநியாயம். ஊர்ச் சராசரியோடு அவரை ஒப்பிட்டால் இருபது வயதிலேயே அவருக்கு மறதி நோய் என்று காகிதம் சொல்லியிருக்கும். அவரை ஒப்பிட அவர் ஒருவர்தான் இருக்கிறார்.

மூன்று வருடம் கழித்து வந்தபோது அக்கா சொன்னார்: “டாக்டர், மறதின்னு சொல்ல முடியல. எல்லார் பேரும் ஞாபகம் இருக்கு. ஆனா முன்ன மாதிரி இல்ல. எதையும் ஆரம்பிக்க மாட்டேங்குறான். சட்டுனு கோவம் வருது.” டவுன் சிண்ட்ரோமில் மறதி நோய் பலருக்கு இப்படித்தான் தொடங்குகிறது, நினைவுக்கு முன்னால் சுபாவம் மாறுகிறது. இது வயதுக்கோளாறு, பிடிவாதம் என்று வேறோர் இடத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்களாம். தைராய்டு, தூக்கத்தில் மூச்சுத் தடை, காது கேளாமை, மனச்சோர்வு எல்லாவற்றையும் முதலில் பார்க்கச் சொன்னேன். இவர்களுக்கு இவையெல்லாம் அதிகம் வரும், இவற்றுக்கு வைத்தியமும் உண்டு, பார்ப்பதற்கு மறதி நோய் மாதிரியே இருக்கும். தைராய்டு சரியாக இருந்தது. தூக்கத்தில் மூச்சுத் தடை இருந்தது. அதற்குச் சிகிச்சை தொடங்கியதும் கோபம் பாதி குறைந்தது என்று அக்கா போனில் சொன்னார்.

ஆனால் அன்று ஸ்கேன் முடிந்து சட்டை போடும்போது நான் பக்கத்தில் நின்றேன். கீழிருந்து தொடங்கினார். மூன்றாவது பொத்தானை நான்காவது துளையில் போட்டார். தடவிப் பார்த்தார். நின்றார். ஏதோ சரியில்லை என்று அவர் விரலுக்குத் தெரிந்தது, எது என்று தெரியவில்லை. அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அக்கா ஒன்றும் சொல்லாமல் குனிந்து அவிழ்த்துப் போட்டுவிட்டார். முதல் படத்தையும் இரண்டாவது படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, ஸ்ட்ரையேட்டத்தில் முன்பு மங்கலாக இருந்த இடம் தெளிவாக நிறம் ஏறியிருந்தது. தனியாகப் பார்த்தால் அந்த இரண்டாவது படம் எனக்கு எவ்வளவு சொல்லியிருக்கும் என்று யோசித்தேன். இவர் வயதுக்கு இது சகஜம் என்றுதான் எழுதியிருப்பேன்.

ஏ.டி.எச்.டி. பையனின் அம்மாவுக்கு நேற்று போன் செய்தேன். அந்த ஸ்கேனைத் தூக்கிப் போடாதீர்கள், தேதி எழுதிப் பத்திரமாக வையுங்கள், ஆனால் அதில் கோளாறு தேட வேண்டாம் என்றேன். அவனுடைய எழுத்து நோட்டையும் ஒன்று எடுத்துவைக்கச் சொன்னேன். எதற்கு என்று கேட்டார். அடுத்த வருடம் அவன் எழுதும் நோட்டை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்றேன்.

அந்தத் தம்பி அடுத்த மாதம் மூன்றாவது முறையாக வருகிறார். காலை பத்து மணி, எப்போதும் போல. எங்கள் படிவத்தைப் போன வருடம் திருத்தினோம். கடைசிப் பக்கத்தில் இப்போது ஒரு வரி இருக்கிறது: சட்டைப் பொத்தான், எங்கிருந்து தொடங்கினார், எத்தனை.